கொட்டியார் குடாவில் கப்பல் பார்க்கும் செயலி: கருவி சொல்வது எது, கையால் தட்டிப் போட்டது எது

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். திருகோணமலைத் துறைமுகத்தின் சீனக்குடாவுக்குக் கோதுமையோ, சீமெந்துக்கு அரைக்கும் கிளிங்கரோ ஏற்றிவரும் கப்பல் எப்போது உள்ளே வரும் என்று பார்க்க 5க்கு 4. கப்பலில் வேலை செய்யும் பிள்ளை இப்போது எந்தக் கடலில் என்று வீட்டிலிருந்து பார்க்க 5க்கு 3. இரவில் வள்ளத்தில் இருந்துகொண்டு கப்பலுக்கு விலக 5க்கு 1, அதுவும் தயவுக்குப் போட்டது. மகாவலி கங்கையின் வாய்க்குள் வழி பார்க்க வெறும் பூச்சியம்.

மரைன் டிராபிக், வெசல் ஃபைண்டர் என்று பெயர்கள் பல. மரைன் டிராபிக் 2007இல் கிரேக்க நாட்டின் ஈஜியன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. முகப்பும் நிறமும் மாறினாலும் எல்லாவற்றுக்கும் சோறு போடுவது, கப்பல் தான் யார், எங்கே என்று வானொலி அலையில் தானே சொல்லிக்கொண்டிருக்கும் ஏ.ஐ.எஸ் என்ற ஒரே ஏற்பாடுதான். அதைப் புரிந்துகொள்ளாமல் எந்தச் செயலியைப் போட்டாலும், திரையில் தெரிகிற கப்பலை நம்பக்கூடாத இடத்தில் நம்புவோம், நம்பவேண்டிய இடத்தில் ஏசுவோம்.

சர்வதேசப் பயணம் செய்யும் 300 மொத்தத் தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்களும் எல்லாப் பயணிகள் கப்பல்களும் ஏ.ஐ.எஸ் கருவி வைத்திருக்கவேண்டும். 2004 முடிவுக்குள் எல்லாவற்றிலும் பூட்டி முடிக்கவேண்டும் என்று விதி வந்தது. கருவி 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் மாறி மாறிப் பேசும். பெரிய கப்பலின் கருவிக்கு வலு 12.5 வாட். 14 நொட்டுக்குள் (ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) ஓடினால் 10 செக்கனுக்கு ஒருமுறை, அதற்கு மேல் 23 நொட் வரை 6 செக்கனுக்கு ஒருமுறை, நங்கூரம் போட்டோ கட்டியோ நின்றால் 3 நிமிடத்துக்கு ஒருமுறை தன் இடத்தைச் சொல்லும். பெயர், நீளம், போகும் துறை முதலியவை 6 நிமிடத்துக்கு ஒருமுறைதான். புதிதாக வரைபடத்தில் முளைத்த கப்பலுக்குப் பெயர் இல்லாமல் 9 இலக்க எண் மட்டும் தெரிந்தால் பழுது என்று நினைக்கவேண்டாம், 6 நிமிடம் பொறுங்கள். அந்த எண்ணின் முதல் 3 இலக்கம் கொடியைச் சொல்லிவிடும்: 417 இலங்கை, 419 இந்தியா, 636 லைபீரியா, 538 மார்ஷல் தீவுகள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒரு கப்பலைத் தொட்டால் விரியும் பெட்டியில் ஏழெட்டு விவரம் இருக்கும். இடம், வேகம், போகும் திசை மூன்றும் ஜி.பி.எஸ்ஸிலிருந்து நேராக வருபவை, கை படாதவை. மிச்சம் பெரும்பாலும் கப்பலில் இருக்கும் ஓர் அதிகாரி விசையைத் தட்டிப் போட்டவை. ‘நங்கூரத்தில்’, ‘கட்டப்பட்டுள்ளது’, ‘ஓடுகிறது’ என்ற நிலை கை தட்டியது. போகும் துறை, வந்துசேரும் நேரம், தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்ற டிராஃப்ட், இவையும் அப்படியே. துறையை விட்டுக் கிளம்பும் அவசரத்தில் நிலையை மாற்ற மறந்துபோவது சாதாரணம். ‘கட்டப்பட்டுள்ளது’ என்று போட்டுக்கொண்டு 11 நொட்டில் ஓடும் கப்பலைத் திரையில் பார்க்கலாம். இரண்டும் முரண்பட்டால் வேகத்தை நம்புங்கள், சொல்லை விடுங்கள்.

போகும் துறைக்கு 20 எழுத்துதான் இடம். முறைப்படி திருகோணமலைக்கு எல்.கே.டி.ஆர்.ஆர் என்று போடவேண்டும். ஆனால் டிரிங்கோ என்று சுருக்கிப் போடுவார்கள், எழுத்துப் பிழையோடு முழுப்பெயர் போடுவார்கள். சரக்கு எங்கே இறங்கும் என்று உரிமையாளர் சொல்லாத கப்பல், ‘உத்தரவுக்குக் காத்திருக்கிறது’ என்று பொருள்பட ‘ஃபோர் ஓர்டர்ஸ்’ என்று போடும். செயலியின் ‘வரவிருக்கும் கப்பல்கள்’ பட்டியல் இந்த எழுத்தை வைத்துத்தான் கட்டப்படுகிறது. ஆகவே பட்டியலில் இல்லை என்பதால் கப்பல் வரவில்லை என்று ஆகாது. சரக்கு முகவரிடம் கப்பலின் பெயரையும் அந்தக் கப்பலுக்கே உரிய 7 இலக்க ஐ.எம்.ஓ எண்ணையும் வாங்கி, அதை வைத்துத் தேடுவதே வழி.

நேரம் இன்னொரு பொறி. வந்துசேரும் நேரம் கருவியில் யு.டி.சி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் போகும், நமக்கு அதோடு 5 மணி 30 நிமிடம் கூட்டவேண்டும். சில செயலிகள் தாமாகக் கூட்டிக் காட்டும், சில அப்படியே விடும், சிலவற்றில் அமைப்புக்குள் போய் மாற்றவேண்டும். 14ஆம் திகதி 20:00 என்று யு.டி.சியில் இருந்தால் நம்மூரில் அது 15ஆம் திகதி அதிகாலை 1.30. லொறியை ஒரு நாள் முன்னதாகக் கொண்டுவந்து படியும் சாப்பாடும் கொடுத்து நிறுத்திவைக்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான்.

நேரத்தைவிட நம்பிக்கையானது வேகக் கோடு. கப்பலின் பழைய தடத்தைத் திறந்து வேகத்தைப் பாருங்கள். வெளிக்கடலில் 11, 12 நொட்டில் வந்தது, சம்பூர்ப் பக்கம் பௌல் முனை வெளிச்சவீட்டைத் தாண்டிக் குடாவுக்குள் திரும்பி 5, 6 நொட்டுக்கு இறங்கினால், கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டுபோகும் வழிகாட்டி ஏறப்போகிறார் அல்லது ஏறிவிட்டார் என்று கொள்ளலாம். வெளிச்சவீட்டிலிருந்து சீனக்குடா ஏறக்குறைய 8 கடல் மைல். உள்துறைமுகத்தின் வாயில் 500 மீற்றர் அகலம், அதற்குள் 1,630 ஹெக்டயர் தண்ணீர். வாசல் சின்னது, வீடு பெரியது. வாசலைத் தாண்டிய பிறகு கப்பல் எந்தத் துறையடிக்குத் திரும்புகிறது என்பதைத் திரையிலேயே பிரித்துவிடலாம். மரைன் டிராபிக்கில் சரக்குக் கப்பல் பச்சை, எண்ணெய்க் கப்பல் சிவப்பு, பயணிகள் கப்பல் நீலம். பச்சை பிரிமா மாவாலைப் பக்கம் போனால் கோதுமை, டோக்கியோ சீமெந்து பக்கம் போனால் பெரும்பாலும் கிளிங்கர். சிவப்பு என்றால் எண்ணெய்த் தாங்கிகளின் துறையடி.

துறையடியில் கட்டியாயிற்று என்று திரை சொன்ன உடனே லொறியை அனுப்புவது தவறு. மொத்தச் சரக்கு என்றால் இறக்குமுன் கப்பலின் அமிழ்வை ஆறு இடங்களில் (முன், நடு, பின், இரண்டு பக்கமும்) வாசித்துச் சரக்கின் நிறையைக் கணக்கிடுவார்கள். பிறகு ஹட்ச் என்ற சரக்கறை மூடியைத் திறக்கவேண்டும். வாடைக் காலத்தில் மழை தூறினால் கோதுமைக்கும் கிளிங்கருக்கும் ஹட்சை மூடிவிடுவார்கள். நாள் முழுக்கக் கட்டியபடி நிற்கும், ஒரு மணி நேர வேலைகூட நடந்திராது, இறக்கினாலும் சும்மா நின்றாலும் செயலிக்கு ஒன்றுதான். ஆகவே ஐப்பசி முதல் தை வரை கப்பல் செயலியோடு மழை ரேடார் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இறக்கி முடிந்ததா என்று டிராஃப்ட் எண்ணைப் பார்த்துச் சொல்லலாம் என்பார்கள். வரும்போது 9 மீற்றரும் பிறகு 5 மீற்றரும் என்று இருந்தால் இறக்கிவிட்டார்கள் என்பது சரி. ஆனால் அந்த எண்ணும் கையால் மாற்றுவது. புறப்படும்வரை பழைய எண்ணே கிடக்கும்.

வரைபடத்தில் சில கப்பல் தரையில் ஏறி நிற்பதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. ஜி.பி.எஸ் அன்டெனா கப்பலின் எந்த இடத்தில் இருக்கிறது என்று முன், பின், இடம், வலம் நான்கு அளவைக் கருவியில் போடவேண்டும். போடாவிட்டால் செயலி கப்பலைத் தவறாக நிறுத்தி வரையும், அல்லது வெறும் புள்ளியாகக் காட்டும். நங்கூரத்தில் நிற்கும் கப்பலின் தடமும் பார்க்கத் தக்கது. நன்றாகப் பிடித்த நங்கூரம் என்றால் காற்றும் நீரோட்டமும் மாற மாறக் கப்பல் ஒரே மையத்தைச் சுற்றிப் பிறை போட்டிருக்கும். பிறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் நங்கூரம் இழுபடுகிறது. இங்கே கடலுக்கடியில் ஒரு பள்ளத்தாக்கு இருப்பதால் குடாவின் நடு மிக ஆழம். எங்கும் போட்டு நிறுத்திவிடக்கூடிய இடமல்ல.

வீட்டார் பகுதிக்கு வந்தால், அழுகையும் பயமும் பெரும்பாலும் ‘கடைசியாகத் தெரிந்தது 6 நாட்களுக்கு முன்’ என்ற ஒரு வரியால் வருவது. கரையில் இருந்து அலையைப் பிடிக்கும் கருவியான வாங்கிக்கு எட்டும் தூரம் 30, 40 கடல் மைல் அளவு. நடுக்கடலில் கப்பல் பேசுவதைச் செய்மதி மட்டுமே கேட்கும், செய்மதித் தரவு கட்டணத் திட்டத்தில்தான் கிடைக்கும். இலவசச் செயலியில் கப்பல் மறைந்தால் பெரும்பாலும் கரையை விட்டு விலகிவிட்டது என்றுதான் அர்த்தம். அடுத்த கரைக்கு எத்தனை நாள் என்று கணக்குப் போடுங்கள். 12 நொட்டில் ஒரு நாளைக்கு 288 கடல் மைல், 2,000 மைல் என்றால் 7 நாள். செங்கடல், ஏடன் பக்கம் ஆபத்து இருக்கும்போது கருவியை அணைத்துவைக்கக் கப்டனுக்கு உரிமை உண்டு. சில கடல்களில் ஜி.பி.எஸ் அலைக் குழப்பத்தால் கப்பல் விமான நிலையத்தில் நிற்பதுபோலக் காட்டுவதும் நடக்கிறது. மாதக் கட்டணம் கட்டிப் பார்ப்பது ஒரு மாதம் மனம் ஆறுவதற்குச் சரி, ஆண்டுக் கணக்கில் தேவையில்லை.

பெயரை வைத்துத் தேடவேண்டாம். ஒரே பெயரில் பல கப்பல் உண்டு, விற்றால் பெயர் மாறும், கொடி மாறினால் 9 இலக்க எண்ணும் மாறும். ஐ.எம்.ஓ எண் மட்டும் கப்பலை உடைக்கும்வரை மாறாது. பிள்ளை போனில் சொன்ன எண்ணைத் தவறாகக் குறித்தோமா என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. முதல் 6 இலக்கங்களை 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால், விடையின் கடைசி இலக்கம் ஏழாவது இலக்கமாக இருக்கவேண்டும். 9074729 என்ற எண்ணில் 63, 0, 35, 16, 21, 4 கூட்டி 139, கடைசி 9. சரி.

வள்ளக்காரருக்கு 1 மட்டும் ஏன்? முதலாவது, நீங்கள் செயலியில் கப்பலைப் பார்ப்பதால் கப்பல் உங்களைப் பார்ப்பதில்லை. சில செயலிகளில் உங்கள் போனின் இடத்தையும் வரைபடத்தில் போடலாம். அது இணையத்துக்குப் போகும், கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் இருக்கும் திரைக்குப் போகாது. 18 அடி நார்க்கண்ணாடி வள்ளம் அலைக்கு நடுவே ராடாரிலும் சரியாகத் தெரியாது. இரண்டாவது, தாமதம். கப்பல் 10 செக்கனுக்கு ஒருமுறை பேசினாலும், வாங்கி, சேவையகம், உங்கள் போனின் சிக்னல் என்று கடந்து வர 1 முதல் பல நிமிடம் ஆகும். 12 நொட்டில் ஓடும் கப்பல் நிமிடத்துக்கு 370 மீற்றர் போகும். 3 நிமிடத் தாமதம் என்றால் திரையில் தெரியும் இடத்திலிருந்து 1.1 கிலோமீற்றர் தள்ளி நிற்கிறது. 8 நொட்டுக்கு இறங்கியிருந்தால்கூட 740 மீற்றர், வாயிலின் அகலத்தைவிட அதிகம்.

மூன்றாவது, திரையில் இல்லாதவை. போர்க்கப்பல்களுக்கு ஏ.ஐ.எஸ் கட்டாயமில்லை, கடற்படையின் டோராப் படகு திரையில் தெரியும் என்று எதிர்பார்க்கவேண்டாம். கடற்படைத் துறைமுகத்துக்கு முன்னால் வரைபடம் வெறுமையாக இருந்தால் கடல் வெறுமை என்று எண்ணக்கூடாது. பலநாள் மீன்பிடிப் படகுகளில் இருப்பது வி.எம்.எஸ் என்ற படகுக் கண்காணிப்புக் கருவி, அது செய்மதி வழியாகக் கடற்றொழில் திணைக்களத்துக்குப் போவது. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் நம் மீனுக்குத் தடை போட்ட காலத்தில் பெரிதாகப் பேசப்பட்ட ஏற்பாடு அது. பொதுச் செயலிக்கு அது வராது. மாறாக, ஆழ்கடலில் பெயருக்குப் பின்னால் 85 வீதம், 12.3 வோல்ட் என்று தெரியும் ‘கப்பல்’ கப்பலே அல்ல. வலையில் கட்டிய மிதவை, தன் பட்டரியின் அளவைச் சொல்கிறது.

வள்ளத்துக்கு வேலை செய்வது பழைய சாமான்தான். எல்லாத் திசைக்கும் தெரியும் வெள்ளை வெளிச்சம், டோர்ச், காது. ஒரு குறுகிய ஊதல் வலப்பக்கம் திரும்புகிறேன், இரண்டு இடப்பக்கம், மூன்று எஞ்சின் பின்னோக்கி. ஐந்து ஊதல் வந்தால் ‘நீ என்ன செய்கிறாய் என்று புரியவில்லை’ என்று உங்களைத்தான் கேட்கிறது. ஒடுங்கிய வாயிலில் 20 மீற்றருக்குக் குறைந்த கலம் பெரிய கப்பலின் வழியை மறிக்கக்கூடாது என்பது கடல் விதி. அதற்குக் காரணமும் உண்டு. பிரிட்ஜிலிருந்து பார்க்கும்போது முன்னணியத்துக்கு, அதாவது கப்பலின் முன்முனைக்கு, முன்னால் மறைவு இருக்கும். கப்பலின் இரண்டு மடங்கு நீளம் அல்லது 500 மீற்றர், இரண்டில் எது குறைவோ அதுவரை மறைவாக இருக்க விதியே இடம் கொடுக்கிறது. அந்த மறைவுக்குள் இருப்பவரை வெளிச்சம் பிடித்தாலும் காணமாட்டார்கள்.

செயலியின் இடைவெளியை அடைக்க வழி உண்டு: சொந்த வாங்கி. வானொலி அலையைப் பிடித்துக் கொடுக்கும் ஆர்.டி.எல்-எஸ்.டி.ஆர் டொங்கிள் ஒன்று, அதைப் போனில் செருக ஓ.டி.ஜி வயர், பழைய அன்ட்ரொயிட் போன் அல்லது ராஸ்பெரி பை என்ற சிறு கணினி, ஏ.ஐ.எஸ் கட்சர் என்ற இலவச மென்பொருள். அன்டெனாவுக்கு 44 சென்ரிமீற்றர் அலுமினியக் கம்பி இரண்டை, பி.வி.சி குழாயில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, நடுவில் முட்டாமல் நிமிர்த்திக் கட்டினால் போதும். கிடையாகக் கட்டினால் பாதிக் கப்பலைத் தொலைத்துவிடுவீர்கள். வயருக்கு டீவிக் கடையில் கிடைக்கும் ஆர்ஜி 6 நல்லது. 75 ஓம் என்று குறை சொல்வார்கள், அலையைப் பிடிப்பதற்கு மட்டும் என்றால் அது பொருட்டே அல்ல. 20 மீற்றர் ஓட்டத்தில் இழப்பு 2 டெசிபெல் அளவு. மெல்லிய ஆர்ஜி 58 போட்டால் அதில் இரட்டிப்பு போகும். கூரையில் 9 மீற்றர் உயரத்தில் அன்டெனா, கப்பலில் 25 மீற்றரில் அன்டெனா என்றால் எட்டும் தூரம் 33 கிலோமீற்றர். இரு உயரங்களின் வர்க்கமூலத்தைக் கூட்டி 4.12 ஆல் பெருக்குங்கள், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் நகரின் கடற்கரைப் பக்கம் இருந்தால் துறைமுக வாயிலருகே உள்ள ஒஸ்டென்பேர்க் மேடு உள்துறைமுகத்தை மறைக்கலாம். வெளிக்கடல் நன்றாகத் தெரியும், சீனக்குடா தெரியாது. கிண்ணியா, மூதூர்க் கரைகளிலிருந்து குடா திறந்து கிடக்கிறது.

பழுதாவது எப்போதும் இணைப்பில்தான். உப்புக்காற்று வயரின் பின்னலுக்குள் ஏறி ஒரு வாடைக் காலத்திலேயே செம்பைக் கறுக்கவைக்கும். தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓடு வேய்ந்ததுபோலத் தண்ணீர் வழியும். வயர் வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு தொய்வு விடுங்கள், துளி அங்கேயே சொட்டும். மலிவு டொங்கிளில் அலைவரிசை வழுவும். 50 பி.பி.எம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) பிழை இந்த இடத்தில் 8 கிலோஹெர்ட்ஸ், 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள தடத்தில் அது பெரிய சறுக்கல், ஒரு கப்பலும் திரையில் விழாது. வெப்பத்துக்கு ஈடுகொடுத்து அலைவரிசையை வழுவாமல் வைக்கும் டி.சி.எக்ஸ்.ஓ உள்ள டொங்கிளையே வாங்குங்கள். தகரக் கூரைக்குக் கீழே பெட்டியில் அடைத்து அவிக்கவேண்டாம். பக்கத்தில் எஃப்.எம் கோபுரம் இருந்தால் டொங்கிளின் கெய்னை, அதாவது அலையைப் பெருக்கும் அளவை, குறையுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி கேட்டால் வயரைக் கழற்றிவிடுங்கள்.

இது கடற்படைத் தளம் இருக்கும் ஊர். கூரையில் புதுக் கம்பி முளைத்தால் கேள்வி வரும், கேட்பதும் நியாயம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முதலில் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது. நிலையம் ஒழுங்காக ஓடினால், தரவைப் பகிர்கிறவர்களுக்குப் பெரிய தளங்கள் கட்டணத் திட்டத்தை இலவசமாகக் கொடுக்கின்றன. செலவு அப்படியே திரும்பிவிடும்.

கங்கைக்கு ஏன் பூச்சியம் என்பதையும் சொல்லவேண்டும். 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி மூதூர்ப் பக்கம் குடாவில் விழும் இடத்தைச் செயலி நல்ல அகலமான நீலக் கோடாகக் காட்டும். அது தரைப்படத்தின் நீலம், ஆழம் அளந்த நீலமல்ல. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் வாயில் மணல் திட்டு இடம் மாறும், கட்டை மிதந்து வரும். அங்கே ஓடும் தோணிக்கும், கிண்ணியாவில் 2009இல் பாலம் வரும்வரை ஆளையும் வாகனத்தையும் அக்கரைக்குக் கடத்திய, ‘பாதை’ என்று நாம் சொல்லும் மிதவை போன்ற கலங்களுக்கும் ஏ.ஐ.எஸ் ஏது? நம்மூரில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீற்றருக்கும் குறைவு. திட்டில் தட்டினால் அடுத்த வற்றுப்பெருக்கு வந்து தூக்கிவிடும் என்று காத்திருக்க முடியாது, இறங்கித் தள்ளவேண்டும். அலை எங்கே உடைகிறது என்று எழுந்து நின்று பார்த்து, அன்று காலையில் தோணி விட்டவரிடம் கேட்டு, மோட்டரைப் பாதி தூக்கி, மெதுவாக உள்ளே விடுங்கள்.